கனவுக்குப் பலன் தேடி அலைந்த எட்டு மாதங்கள்

முதலில் வந்தது தண்ணீர்க் கனவு. அகலமான ஏரி, தெளிந்த தண்ணீர். தம்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடந்து போகிறான். முழங்கால், இடுப்பு, மார்பு. நான் கரையில் நின்று கூப்பிடுகிறேன், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. கழுத்தளவு வந்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். அவ்வளவுதான், தலை மறைந்துவிடுகிறது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. மணி நாலே கால். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. வெளிச்சம் வரும்வரை காத்திருந்து அவனுக்கு போன் செய்தேன். "என்னக்கா இவ்வளவு காலையில?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டான். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். அன்றைக்கே அவனிடம் சொல்லிச் சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முடியவில்லை. அடுத்த வாரம் இரண்டு முறை வந்தது, அதற்கடுத்த வாரம் நான்கு முறை. தண்ணீர் வராத நாளில் பல் விழுந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பல் ஆடும், நாக்கால் தள்ளிப் பார்ப்பேன், கையோடு வந்துவிடும், அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாமே சோழி மாதிரி உள்ளங்கையில் கிடக்கும். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கணக்கு எழுதுகிற வேலை. வரவும் செலவும் ஒத்துப்போகாவிட்டால் ராத்திரி உட்கார்ந்து தேடுகிற ஆள். ராசி, சகுனம் எதையும் கண்டுகொண்டதில்லை. அப்படிப்பட்ட நான் எட்டு மாதம் கனவுக்குப் பலன் தேடி அலைந்தேன், இரண்டரை மாதச் சம்பளத்தைத் தொலைத்தேன், கூடப் பிறந்தவனோடு பேச்சு நின்றுபோனது என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். நம்ப மாட்டார்கள் என்பதாலேயே யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணமும் அதுதான். என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்குச் செல்போனைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள்.

செல்போனில் முதலில் கிடைத்ததெல்லாம் இலவசம்தான். பல் விழுவது போல் கனவு என்று தேடினால் ஓர் இடத்தில் குடும்பத்தில் சாவு என்றிருந்தது, இன்னோர் இடத்தில் கடன் அடையும் என்றிருந்தது. மேல் பல் என்றால் ஆண், கீழ்ப் பல் என்றால் பெண் என்று ஒருவர் கணக்குப் பிரித்திருந்தார். தண்ணீருக்கும் அப்படியே, தெளிந்த தண்ணீர் நல்லது என்பவரும் உண்டு, எந்தத் தண்ணீரானாலும் கண்ணீர்தான் என்பவரும் உண்டு. ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கிற கணக்கைப் பார்த்தால் அலுவலகத்தில் அப்போதே திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே நான் செய்ததோ வேறு. நல்ல பலன்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கெட்டதை மட்டும் பொறுக்கி மனதில் வைத்துக்கொண்டேன். பயந்துபோன மனம் அப்படித்தான் பொறுக்கும். இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவுப் பலன்களை ஐந்து தொகுதிகளாக எழுதிவைத்த ஆர்ட்டெமிடோரஸ்கூட, கனவு கண்டவர் யார், என்ன தொழில், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்காமல் பலன் சொல்லக்கூடாது என்று வற்புறுத்தியவர். இதைப் பின்னால் படித்தேன். என்னை அந்த எட்டு மாதத்தில் ஒருவரும் எதுவும் விசாரிக்கவில்லை.

இலவசம் போதாமல் ஒரு கனவு ஆலோசகரிடம் போனேன். போனில்தான் எல்லாம். முதல் கனவுக்குக் கட்டணமில்லை. இரண்டாவதிலிருந்து கனவுக்கு இவ்வளவு. பிறகு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை. ராத்திரியில் அவசரமாக அழைத்தால் தனிக் கட்டணம். அந்த அவசர அழைப்புதான் என் பணத்தில் பாதியைத் தின்றது. ஏனென்றால் எனக்குக் கனவு வருவதே அந்த நேரத்தில்தான். முதல் அழைப்பிலேயே அவர், "உங்களுக்கு ரத்த சம்பந்தமான ஓர் ஆண், ஒரு பயணம், அதில் ஒரு தடை தெரிகிறது" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல மாதம் கழித்து, எல்லாம் ஓய்ந்த பிறகு, அவருக்கு நான் அனுப்பிய செய்திகளை மேலிருந்து படித்தேன். பதிவு செய்யும்போதே, தம்பி வெளியூர் வேலைக்கு முயற்சி செய்கிறான், அதுதான் கவலை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் சரக்கையே எனக்கு விற்றிருக்கிறார். நீங்கள் யாரிடமாவது பலன் கேட்டு அசந்துபோயிருந்தால், அந்தத் தகவலை முதலில் சொன்னது நீங்களா அவரா என்று பழைய பேச்சைப் புரட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. நான் அதை ஏழு மாதம் கழித்துச் செய்தேன்.

பணம் போனதைவிட அசிங்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்காவது மாதம் தம்பிக்கு அந்த வேலை கிடைத்தது. கடலோர நகரம், நல்ல சம்பளம், பதினைந்து நாளில் சேர வேண்டும். நான் அழுதேன். கனவைச் சொன்னேன், ஆலோசகர் சொன்னதையும் சொன்னேன். ஒரு மாதமாவது தள்ளிப் போடு, இந்தக் காலம் கடக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாத அவகாசம் கேட்டான். அவர்கள் காத்திருக்கவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். செய்தி வந்த அன்று அவன் கத்தவில்லை. "சரிக்கா, நான் உயிரோட இருக்கேன்ல, சந்தோஷமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அதற்குப் பிறகு ஐந்து மாதம் என் அழைப்பை எடுக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் முதல் இரண்டு மாதம் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தி.

இந்தப் பொறியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஏதாவது நடந்திருந்தால் கனவு பலித்தது என்றிருப்பேன். நடக்காததால் நான் தடுத்துவிட்டேன் என்றேன். எப்படி விழுந்தாலும் கனவு ஜெயித்துவிடும். பின்னால் உண்மையான கணக்கும் போட்டேன். தலைமாட்டு நோட்டில் எழுதிவைத்த கனவுகள் 83. அவற்றிலிருந்து ஆலோசகர் தேதி குறிப்பிட்டுச் சொன்ன பலன்கள் 11. நடந்தது ஒன்றுகூட இல்லை. பள்ளித் தோழி கனவில் வந்த மூன்றாம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது, அது ஒன்றுதான் தேறியது. ஆனால் ஓர் இரவில் நான்கைந்து தடவை கனவுத் தூக்கத்துக்குள் போய்வருகிறோம். நான்கென்று வைத்தாலும் வருடத்துக்கு 1,460. எழுந்ததும் மறந்துபோகிறவைதான் அதில் பெரும்பாலும். இத்தனை கனவில் எத்தனை முகம் வந்து போகும்! அதில் ஒருவர் மூன்று நாளைக்குள் கூப்பிடாமல் இருந்தால்தான் அதிசயம்.

அப்புறம் தூக்கத்தோடு நடத்திய சண்டை. கனவு வராமல் இருக்க வேண்டுமென்றால் தூங்காமல் இருப்பதே வழி என்று முடிவெடுத்து, இரண்டு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படுத்தால் நாலு மணிக்கு ஓர் அலாரம், ஐந்துக்கு ஓர் அலாரம். கெட்ட கனவு முற்றுவதற்குள் எழுந்துவிடலாம் என்ற யோசனை. இதைவிட முட்டாள்தனமான ஏற்பாட்டை நானே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசைகிற ஒரு கட்டம் உண்டு, ரெம் தூக்கம் என்பார்கள். கதை போல நீளுகிற கனவுகள் அதிகம் வருவது அதில்தான். இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி, ரெம் சில நிமிடமே. விடிய விடிய அது நீண்டுகொண்டே போய் கடைசிச் சுற்றில் அரை மணி நேரம்கூட ஆகும். அதனால்தான் நினைவில் நிற்கிற கனவெல்லாம் விடியற்காலைக் கனவாக இருக்கிறது. பலிக்கிற நேரம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. நானோ அந்த நேரத்துக்கே குறிவைத்து அலாரம் அடிக்கவிட்டேன். ரெம் தூக்கத்தில் எழுப்பப்படுகிறவர்கள் பத்தில் எட்டு முறை கனவைச் சொல்லிவிடுவார்கள் என்று 1957-லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மறந்துபோயிருக்க வேண்டிய கனவுகளைக்கூட நானே தட்டி எழுப்பி நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தூக்கத்தைக் குறைத்ததில் இன்னொரு கேடும் உண்டு. ரெம் தூக்கம் பாக்கி விழுந்தால், அடுத்து அயர்ந்து தூங்குகிற நாளில் அது வட்டியும் முதலுமாக வசூலிக்கும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் தொடங்கும், நீளும், கனவும் அழுத்தமாக இருக்கும். மது குடித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்குப் பின்னிரவில் கனவு கொந்தளிப்பதும் இதே கணக்குதான், மது முன்னிரவில் ரெம்மை அமுக்கிவைக்கிறது. நான் திங்கள் முதல் வெள்ளிவரை மூன்று நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கப் படுத்துக் கிடப்பேன். என் நோட்டில் மிக மோசமான கனவுகள் எல்லாம் ஞாயிறு மதியம் என்று எழுதியிருக்கிறது. அது ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அமுக்குவான் வந்தது. விழித்துவிட்டேன், மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, கை அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கதவோரம் ஓர் உருவம். கத்த முயன்றால் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. ஒரு நிமிடம் இருந்திருக்குமா? எனக்கு ஒரு யுகம். அன்றைக்கு ஆலோசகருக்குக் கட்டியதுதான் ஒரே நாளில் நான் கட்டிய அதிகபட்சத் தொகை. விஷயம் இவ்வளவுதான்: ரெம் தூக்கத்தில் நாம் கனவுக்கு ஏற்றபடி எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளைத்தண்டு உடம்பின் தசைகளைக் கட்டிப்போடுகிறது. கண்ணும் மூச்சுவிடும் தசையும்தான் விதிவிலக்கு. சில நேரம் மனம் முதலில் விழித்துவிடும், கட்டு அவிழக் கொஞ்சம் தாமதமாகும், கனவின் பாதி இன்னும் கண்முன் மிதக்கும். சில நொடியிலோ ஒன்றிரண்டு நிமிடத்திலோ தானாகப் போய்விடும். தூக்கம் கெட்டிருப்பதும் மல்லாந்து படுப்பதும் இதை அதிகமாக்கும். இப்போது வந்தால் நான் போராடுவதில்லை. மூச்சைக் கவனித்துக்கொண்டு கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார்ப்பேன். பயம் குறைந்துவிட்டது, ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்த பிறகு வருவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஆறாவது மாதக் கடைசியில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது கண் அயர்ந்து நடுச்சாலைத் தடுப்பில் உரசினேன். முழங்கை தோல் போனதோடு சரி. அதே வாரம் அலுவலகத்தில் ஒரே தொகையை இரண்டு முறை அனுப்பிவிட்டு எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றேன். அப்போதும் டாக்டரிடம் போகத் தோன்றவில்லை, கனவுக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா? போனது பல் வலிக்கு. பல் மருத்துவர் தாடையின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டி, "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களே, யாரும் சொன்னதில்லையா?" என்று கேட்டார். காலையில் ஈறும் தாடையும் வலிக்குமே என்றேன். அதோடு சேர்த்து, வெட்கத்தை விட்டு, பல் கொட்டுகிற கனவையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பல் கனவு அடிக்கடி வருகிறவர்களுக்கு மனக்கஷ்டத்தைவிட, எழும்போது பல்லிலும் ஈறிலும் இருக்கிற வலியோடுதான் தொடர்பு தெரிந்தது என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தூங்கும்போது கடிக்கிற வலியை மூளை தனக்குத் தெரிந்த கதையாக்கியிருக்கலாம். குடும்பத்தில் சாவு என்று நான் ஆறு மாதம் நடுங்கியது என் சொந்தத் தாடைக்கு. பல்லுக்கு உறை போட்டுக்கொண்டு படுக்க ஆரம்பித்ததும் அந்தக் கனவு குறைந்தது.

பல் மருத்துவர்தான், "தூக்கம் இவ்வளவு கெட்டிருக்கு, உங்க டாக்டரையும் பார்த்துடுங்க" என்று அனுப்பிவைத்தார். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி கனவு என்ன என்பதல்ல. "எப்ப ஆரம்பிச்சுது?" தேதி என் நோட்டில் இருந்தது. அடுத்த கேள்வி: "அதுக்கு முன்னாடி ஒரு மாசத்துக்குள்ள புதுசா என்ன மாத்திரை?" ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க ப்ரோப்ரனலால் சாப்பிடத் தொடங்கியிருந்தேன். தொடங்கிப் பதினெட்டாவது நாள் முதல் தண்ணீர்க் கனவு. இரண்டு தேதியும் ஒரே நோட்டில், நாலு பக்க இடைவெளியில் இருந்தன, என் கையெழுத்திலேயே. இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கிற பீட்டா பிளாக்கர் வகையில் இந்த மருந்து கொழுப்பில் கரைவது, அதனால் மூளைக்குள் எளிதாகப் போகும். இரவில் சுரந்து தூக்கத்துக்கு உதவுகிற மெலட்டோனின் என்ற ஹார்மோனைக் குறைக்கும். தெளிவான கனவு, கெட்ட கனவு, துண்டு துண்டான தூக்கம் எல்லாம் அதன் பக்கவிளைவுப் பட்டியலிலேயே உண்டு. மருந்தோடு வந்த தாளில் அச்சடித்திருந்தது. மாத்திரைப் பெட்டிக்குள் நாலாக மடித்து இருந்த அந்தத் தாளை நான் ஒருநாளும் பிரித்ததில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இதில் இரண்டு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையை நாளையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இதய நோய் இருப்பவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கும் டாக்டர் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் வேறு மருந்துக்கு மாற்றினார். இரண்டாவது, இது ஒரு மருந்தின் கதை மட்டும் இல்லை. மனச்சோர்வுக்கான சில மருந்துகள் கனவை மாற்றும், அவற்றைச் சட்டென நிறுத்தினாலும் கனவு பொங்கும். புகைப்பழக்கத்தை விடக் கொடுக்கிற வாரெனிக்லின், மலேரியாவுக்கான மெஃப்லோகுவின், ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கிற மான்டெலுகாஸ்ட் இவற்றிலும் கெட்ட கனவு பதிவாகியிருக்கிறது. எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் புதிதாகக் கனவு கெட்டால் பலனைத் தேடுவதற்கு முன் மாத்திரை அட்டையைத் தேடுங்கள். தொடங்கிய தேதி, அளவைக் கூட்டிய தேதி, நிறுத்திய தேதி, மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

மருந்து மாறி மூன்று வாரத்தில் வாரத்துக்கு நாலு என்பது ஒன்றாகக் குறைந்தது. அந்த ஓய்வில்தான் மனிதன் ஏன் கனவு காண்கிறான் என்று கொஞ்சம் நிதானமாகப் படிக்க முடிந்தது. 1951-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் தன் எட்டு வயது மகனின் கண்ணோரம் மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்து, ராத்திரி நடுவே விழிகள் துள்ளுவதைத் தாளில் பதிவு செய்தார். முதலில் கருவிதான் பழுது என்று நினைத்தாராம். அவரும் அவருடைய ஆசிரியர் கிளைட்மனும் 1953-இல் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் கனவைக் கடிகாரம் வைத்துப் பார்க்க முடிந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் கனவெல்லாம் அமுக்கிவைத்த ஆசையின் மாறுவேடம் என்று எழுதிவிட்டார். பல் விழுகிற கனவுக்கு அவர் கொடுத்த விளக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை அவசரமாக மூடினேன், இங்கே எழுதவும் கூச்சமாக இருக்கிறது. 1977-இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நேரெதிராகச் சொன்னார்கள்: மூளைத்தண்டு தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்புகிறது, மேல்மூளை அதை எப்படியாவது கதையாகத் தைத்துவிடுகிறது. பின்லாந்தின் ரெவன்சுவோ 2000-இல், கனவு ஆபத்தை ஒத்திகை பார்க்கிற பழைய பழக்கம் என்றார், துரத்தலும் விழுதலும் இத்தனை வருவதற்கு அது பொருந்துகிறது. உணர்ச்சி ஏறிய நினைவுகளை ஆற வைக்கிற வேலை அப்போது நடக்கிறது என்கிற கட்சியும் உண்டு. இன்றுவரை ஒரே முடிவு கிடையாது. என் நோட்டை வைத்துப் பார்த்தால் ஒவ்வொருவர் சொன்னதிலும் நாலைந்து பக்கம் பொருந்துகிறது. எதிர்காலம் தெரியும் என்பதற்கு மட்டும் ஒரு பக்கமும் இல்லை.

ஆனால் தண்ணீர்க் கனவு போகவில்லை. பல் போயிற்று, துரத்தல் போயிற்று, தம்பி மட்டும் வாரம் ஒருமுறை ஏரிக்குள் இறங்கினான். மாத்திரை கனவை உரக்கப் பேச வைத்திருக்கலாம், பேச்சு யாருடையது? முதல் கனவின் தேதியை வைத்துக்கொண்டு அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று செல்போனில் தேடினேன். அன்று மாலை அவன் அனுப்பிய செய்தி இருந்தது, வெளியூர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று. நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பியிருந்தேன். அப்பா அம்மா இல்லாத எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஆள் அவன். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, துணிச்சலும் இல்லை. கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் படுத்தேன். கனவில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு போனான், எனக்குச் சத்தம் வரவில்லை. இதற்கு எந்தப் பலன் புத்தகம் வேண்டும்? படுக்கும் முன் ஒன்றை நினைக்கக்கூடாது என்று அமுக்கினால் அது கனவில் கூடுதலாக வருகிறது என்று 2004-இல் வெக்னர் என்ற உளவியலாளரின் குழு சோதித்துக் காட்டியிருக்கிறது. எட்டு மாதம் நான் அவன் உயிருக்குப் பயந்ததாக நினைத்தது, அவன் என்னை விட்டுப் போவதற்குப் பயந்தது. விழித்திருக்கும்போது சொல்ல முடியாததைக் கனவின் பெயரால் சொல்லி, அவன் வேலையையும் கெடுத்துவிட்டேன். பணம் போனதுகூட மறந்துவிடும், இது இன்னும் குத்துகிறது.

மிச்சமிருந்த கனவுக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்தது ஒரு விசித்திரமான பயிற்சி. கனவைப் பகலில் உட்கார்ந்து எழுத வேண்டும். அப்புறம் அதில் எதை வேண்டுமானாலும் மாற்றி மறுபடி எழுத வேண்டும். மாற்றிய கதையை மட்டும், பழையதை அல்ல, தினமும் பத்து இருபது நிமிடம் விழித்தபடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேரி கிராகோ என்ற மருத்துவரின் குழு இதை முறையாகச் சோதித்து 2001-இல் வெளியிட்டது, இப்போது தொடர் கொடுங்கனவுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கிறார்கள். பெரிய கனவில் தொடங்காமல் சின்னக் கனவில் பழகிக்கொள்வது நல்லது. விபத்து, வன்முறை போல உண்மையில் நடந்த கொடுமை கனவாக வருகிறவர்கள் தனியாக முயலாமல் மனநல மருத்துவர் துணையோடுதான் செய்ய வேண்டும். முதலில் நான் பாய்ந்து அவனைக் காப்பாற்றுவதாக எழுதினேன். ஒட்டவில்லை, நீச்சல் தெரியாது என்று கனவுக்கும் தெரியும் போலிருக்கிறது. பிறகு மாற்றினேன்: கழுத்தளவில் அவன் திரும்பி, "அக்கா, செருப்பை மறந்துட்டேன், எடுத்துட்டு வா" என்கிறான். நான் செருப்போடு தண்ணீரில் இறங்குகிறேன், எவ்வளவு தூரம் போனாலும் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. இதைத் தினமும் மதிய இடைவேளையில் கண்ணை மூடி ஓட்டினேன். கோமாளித்தனமாக இருந்தது. நான்காவது வாரம் ஏரி வந்தது, கையில் செருப்பு இருந்தது, அவன் அங்கே இல்லவே இல்லை. காலையில் ஆறு மணிக்குச் சாதாரணமாக எழுந்தேன். அதன்பின் அந்த ஏரி வரவில்லை.

எல்லாக் கனவும் இப்படிப் பேசித் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் படித்ததில் என்னை உண்மையிலேயே உலுக்கிய பகுதி இதுதான். தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி உதைப்பது, குத்துவது, கத்திக்கொண்டு கட்டிலிலிருந்து விழுவது, குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேல், என்றால் அது வெறும் கெட்ட கனவு இல்லை. தசைக் கட்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். 1986-இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முந்திய அறிகுறியாகவும் இது இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறுகிற, மூழ்குகிற கனவோடு பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கெட்ட கனவு வந்து பகல் வேலை கெட்டாலே டாக்டரிடம் சொல்லப் போதுமான காரணம்தான். மற்றபடி எப்போதாவது ஒரு கெட்ட கனவு என்றால் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அலாரம் மட்டும் வேண்டாம்.

தம்பியிடம் நேரில் போனேன். போனில் சொல்கிற விஷயம் இல்லை. மாத்திரைக் கதையிலிருந்து ஆரம்பித்தேன், கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு அந்தக் கட்டைவிரல் செய்தியைக் காட்டி, கனவெல்லாம் சாக்கு, நீ போகக்கூடாது என்றுதான் எனக்கு இருந்தது என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். "அதை அன்னிக்கே நேரா சொல்லியிருக்கலாம்லக்கா. நான் போயிருப்பேன், ஆனா வாரா வாரம் வந்திருப்பேன்" என்றான். முதல் வேலை அளவுக்குச் சம்பளமில்லாத வேறு வேலை அவனுக்கு அதன்பிறகு கிடைத்தது, அதுவும் வெளியூர்தான். வழியனுப்பப் போனேன். வீட்டுக்கு வந்து அழுதேன், விழித்திருக்கும்போதே.

போன மாதம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அவனிடமிருந்து போன். "அக்கா, ஒரு கெட்ட கனவு. நீ படியில உருண்டு விழற மாதிரி. உனக்கு ஒண்ணும் இல்லையே?" குரல் நடுங்கியது. நான் நலம்தான் என்று சொல்லிவிட்டு, நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டேன். இரண்டு ராத்திரி வேலை பார்த்துவிட்டு இன்றைக்குத்தான் படுத்தானாம். "மாத்திரை ஏதாவது புதுசா?" என்றேன். இருமலுக்கு ஏதோ என்று எழுந்து அட்டையைத் தேடப் போனான்.